நரிக்குடியில் ஆயர் வெள்ளி அகப்பட்டவர்கள் கவனத்துக்கு

முதலில் அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள். நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையை வெட்டும்போது மண்வெட்டி முனையில் ணங்கென்று பட்டிருக்கலாம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து விழுந்திருக்கலாம். அப்பத்தாவின் சுருக்குப்பையில் பாக்குவெட்டிக்கு அடியில் கிடந்திருக்கலாம். எப்படி வந்ததோ, நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடின அகலத்தில் கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு. அதில் இங்கிலீஷ் எழுத்து மாதிரி இருந்தும் இங்கிலீஷாக வாசிக்க வராத எழுத்து. ஒரு பக்கம் சுருட்டை முடியோடு கொழுகொழுவென்று ஒரு பெரிய மனிதர். இதைக் கண்டதும் நம்மூர்க் கை தானாக விபூதி டப்பாவைத் தேடும். வெள்ளிக்கு விபூதி, பித்தளைக்குப் புளி என்று பழகிய கை அது. அந்தக் கையைக் கட்டிப்போடுங்கள்.

அந்தக் கறுப்பு அழுக்கில்லை. காற்றில் உள்ள கந்தகத்தை வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்ட படலம். காசு சேகரிக்கிறவன் அதற்குத்தான் காசு கொடுப்பான். அரை மணி நேரம் விபூதி போட்டுத் தேய்த்தால் பெரிய மனிதரின் மூக்கு தேய்ந்து, முகம் பளபளவென்று சப்பையாகி, நகைக்கடைக்காரர் தராசில் போடுகிற பழைய வெள்ளியாகிவிடும். நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி, தேய்க்காமல் பழைய வேட்டித் துணியில் ஒற்றி வையுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். அப்பத்தா கேட்டால் தீட்டு என்று சொல்லிவிடலாம். அவருக்கு அது ஒன்றுதான் புரியும், ஒத்துழைப்பார்.

அடுத்து அது என்ன காசு என்று பார்ப்பது. பெரும்பாலும் அது நீங்கள் நினைக்கிற காசாக இருக்காது. ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள். முக்காடு போட்ட, கழுத்தும் மார்பும் செழித்த ஒரு அம்மாள் இருந்து, 1780 என்று வருஷமும் போட்டிருந்தால் அது ஜெர்மானியக் கிறிஸ்தவ ஆயர்கள் அடித்த காசு இல்லை. ஆஸ்திரியாவின் மகாராணி மரியா தெரேசா. அந்த அம்மாள் இறந்தது 1780-இல். அதற்குப் பிறகும் அதே வருஷத்தைப் போட்டு அவர் முகத்தை அடித்துக்கொண்டே இருந்தார்கள். அரபு நாட்டிலும் அபிசீனியாவிலும் வேறு முகம் போட்ட காசை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகள் ஒற்றைக்காலில் நின்றதுதான் காரணம். வியன்னாவில் அடித்தார்கள், பிறகு லண்டனில், பர்மிங்காமில், ரோமில், பாரிஸில். யுத்த காலத்தில் 1940, 41-இல் நம் பம்பாய் நாணயச்சாலையிலும் அடித்தார்கள். ஆகவே உங்கள் காசு 1780-ஆம் வருஷத்து ஐரோப்பியப் புதையலாகவும் இருக்கலாம், காந்தி தனிநபர் சத்தியாக்கிரகம் நடத்திக்கொண்டிருந்தபோது பம்பாயில் அடித்த சரக்காகவும் இருக்கலாம். மார்புக்குக் கீழே எஸ்.எஃப். என்று இரண்டு எழுத்து இருக்கும். இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு, வளைகுடா போய்வந்த உறவுக்காரர் பட்டியலை யோசித்துப் பாருங்கள்.

ஆண் முகமாக இருந்தால் நம்பிக்கையை விட வேண்டாம். காசைத் திருப்புங்கள். மறுபக்கத்தில் ஒரு கேடயம், அதன்மேல் கிரீடமோ ஆயரின் கூர்ந்த தலைப்பாகையோ இருக்கும். கேடயத்துக்குப் பின்னால் குறுக்காக இரண்டு பொருள் தெரிகிறதா பாருங்கள். ஒன்று மேல்நுனி சுருண்ட கோல். மற்றது வாள். இந்த இரண்டும் ஒரே கேடயத்தில் இருந்தால் நீங்கள் கையில் வைத்திருப்பது ஜெர்மானிய இளவரச ஆயர் ஒருவரின் தாலர் என்ற வெள்ளிக்காசு. அப்பத்தா கண்ணில் வாள் மட்டும் பட்டுக் கருப்பசாமி என்று முடிவு கட்டி, சூடம் கொளுத்த எழுந்தால் தடுக்க வேண்டாம். காசின் மேல் மை, சந்தனம் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோலும் வாளும் சேர்ந்த கதை இது. பழைய ஜெர்மனியில் ஆயர் என்றால் பூசை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் மட்டும் இல்லை. மைன்ஸ், கொலோன், திரியர், வூர்ஸ்பூர்க், பாம்பெர்க், ஐஷ்டெட் என்று பல ஊர்களில் ஆயரே ராஜா. வரி அவருக்கு, படை அவருக்கு, தூக்குமேடை அவருக்கு, காசு அடிக்கும் உரிமையும் அவருக்கு. அரசரை மூதாதையரின் ரத்தம் தீர்மானிக்கும். இவரைப் பேராலயத்துக் குருமார் சபை கூடி ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும். அந்தக் குருமார் பெரும்பாலும் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். சொத்து அண்ணனுக்குப் போனதால் சாமிக்குப் போனவர்கள்.

காசில் முகமே இல்லாமல், சுற்றிச் சின்னச் சின்னக் கேடயங்களாக இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து ரசியுங்கள். ஆயர் செத்துப்போய் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் வரை நாற்காலி காலி. அந்த இடைவெளியில் ஆட்சி குருமார் சபையிடம். ஆட்சி கையில் வந்ததும் அவர்கள் பல இடங்களில் செய்த முதல் வேலைகளில் ஒன்று, நாற்காலி காலியாக இருக்கிறது என்று லத்தீனில் பொறித்துத் தாலர் அடித்ததுதான். முகத்தை யாருக்குப் போடுவது என்ற சண்டை வரக்கூடாதே! அதனால் சபை உறுப்பினர் ஒவ்வொருவரின் குடும்பக் கேடயத்தையும் ஓரத்தில் வரிசையாகச் சுற்றிவிட்டார்கள். திருச்சுழி முக்குரோட்டில் காதுகுத்து பிளக்ஸில் தாய்மாமன் முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா மச்சான் வரை வட்டவட்டமாகப் படம் போடுகிறோமே, அதை வெள்ளியில் அடித்தால் இதுதான். ஒரு முகம் விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

எடை போடாமல் எதையும் நம்பாதீர்கள். இதற்கு ஆசாரியிடம்தான் போக வேண்டும், அடகுக்கடைக்குப் போகாதீர்கள். அடகுக்கடையில் ஒரு பொருளைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துவந்தால் ஊருக்குள் வேறு மாதிரிப் பேச்சு வரும். ஆசாரியிடம் போகிறபோது உரைகல்லை எடுக்க வேண்டாம், திராவகம் விட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுண்டும். "உரசாம எப்படிப்பா தரம் சொல்றது, நான் என்ன சோசியனா?" என்பார். "எடை மட்டும் போடுங்கண்ணே" என்று சொல்லி, எலெக்ட்ரானிக் தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

1753-இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பிறகு ஆயர் நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்டன. அந்தக் கணக்குப்படி கொலோன் மார்க் என்ற எடையில், அதாவது சுமார் 233.86 கிராம் சுத்த வெள்ளியில், பத்துத் தாலர் அடிக்க வேண்டும். செம்பு சேர்த்த பிறகு ஒரு தாலர் 28 கிராமும் ஒரு பொட்டும். நம் கணக்கில் மூன்றரைப் பவுன். ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அந்தக் காசுகள் பலவற்றில் பத்துக்கு ஒரு சுத்த மார்க் என்று காசிலேயே எழுதிவைத்திருப்பார்கள். தராசு 28-ஐ ஒட்டி நின்றால் நல்லது. 29-ஐத் தாண்டினால் இன்னும் பழைய, பதினாறு பதினேழாம் நூற்றாண்டுத் தாலராக இருக்கலாம். 22, 24 என்று நின்றால் வார்ப்படக் காசாக இருக்கலாம். ஓரத்தைத் தடவிப் பாருங்கள், நடுவில் ஒரு கோடு ஓடினால் இரண்டு அச்சை ஒட்டி வார்த்தது. முகத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் இருந்தாலும் அதே கதைதான். காந்தம் ஒட்டினால் ஆசாரி சிரிப்பதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஆசாரி ஒரு கணக்குச் சொல்லுவார். கேட்க வேண்டிய கணக்குதான். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்தக் கணக்கில் ஆயர் தாலரில் உள்ள சுத்த வெள்ளி இரண்டு ரூபாய் மூன்றணாவுக்குச் சமம். அவ்வளவுதான் அந்த ராஜாவும் சாமியாரும் சேர்ந்த மனிதரின் உலோக விலை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி வரலாறு. காசு கிடைத்த இரண்டாம் நாளே, அது இங்கே எப்படி வந்தது என்று ஊர் கேட்கும். நரிக்குடியில் இதற்குத் தயாராக ஒரு பதில் எப்போதும் உண்டு. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. ராமேசுவரம் போகிறவர்களுக்காக அவர்கள் கட்டிய சத்திரம் ஊரிலேயே இருக்கிறது. ஆகவே இந்தச் சுற்றுவட்டாரத்தில் தோண்டினால் கிடைக்கிற ஓட்டாஞ்சில்லு முதல் துருப்பிடித்த கதவுக்கீல் வரை எல்லாம் மருது பாண்டியர் காலத்தது. உங்கள் தாலரையும் அந்தக் கணக்கில் எழுத ஆள் வருவார்கள். வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். அதனால் நம்பும்படியான ஒரு பூர்வீகத்தை நீங்களே எழுதிவைத்துக்கொள்வது உத்தமம். கீழே தருவதில் ஊர், ஆள், வருஷம் எல்லாம் நிஜம். காசு அந்த வழியாக வந்தது என்பது மட்டும் உங்கள் பொறுப்பு.

ஜெர்மனியில் ஹாலே என்று ஒரு ஊர். மக்டபூர்க் பேராயர்கள் வாசம் செய்த ஊர் அது. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே ஆல்பிரெக்ட் என்ற பேராயர் இருந்தார். மக்டபூர்க் போதாமல் மைன்ஸ் பேராயர் பதவியும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்கான பணத்தை ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்க ஏற்பாடு. வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கருக்கு. அந்த விற்பனையைப் பார்த்துப் பொறுக்காமல்தான் 1517-இல் மார்ட்டின் லூதர் தொண்ணூற்றைந்து வாதங்களைக் கிளப்பினார். கடன்காரப் பேராயர் வெள்ளிக்காசு அடித்த ஊர்களில் இந்த ஹாலேயும் ஒன்று. காலம் போய் 1680-இல் அந்த நாடு பிராண்டன்பூர்க் அரசின் கைக்குப் போனது. பிறகு அதே ஹாலே, லூதர் வழிப் பக்தர்களின் கோட்டையாக மாறியது. அங்கே படித்த சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பேராயரின் பாவமன்னிப்புக் கடையால் பிறந்த சண்டை, பேராயரின் ஊரிலிருந்தே ஆள் அனுப்பி நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த விதம் இது. ஊர்க்காரர்கள் இதைக் கேட்கும்போது தலையாட்டுவார்கள். கடன் வாங்கிப் பதவி வாங்குவதும், வசூலில் பங்கு போடுவதும் அவர்களுக்கு விளக்க வேண்டிய சங்கதி இல்லை.

தரங்கம்பாடி மிஷனுக்கு ஐரோப்பாவிலிருந்து பணம் வெள்ளியாகக் கப்பலில் வந்தது. தொடக்க காலத்தில் ஒருமுறை கரைக்கு வருகிற வழியில் படகு கவிழ்ந்து பணம் கடலுக்குள் போனதும் உண்டு. அதே ஹாலேயில் படித்த சுவார்ட்ஸ் ஐயர் 1750-இல் வந்தார். நல்ல தமிழ் பேசினார். 1785 வாக்கில் தஞ்சாவூரிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள், அதில் அவருக்குப் பெரிய பங்கு. சிவகங்கை மட்டும் வந்துவிட்டால் நரிக்குடி எவ்வளவு தூரம்? பள்ளிக்கூடத்து வாத்தியார் சம்பளம், வாத்தியார் வாங்கிய குதிரைவாலி, குதிரைவாலி விற்றவரின் சுருக்குப்பை என்று ஒரு கயிறு கட்டினால் காசு உங்கள் பரணுக்கு வந்துவிடும்.

கயிறு கட்டுகிறபோது அதில் எங்கே இற்றுப்போகும் என்று தெரிந்திருந்தால் நல்லது. இந்தக் கரைக்கு வெள்ளி வந்ததும் நிஜம், துணிக்கும் மிளகுக்கும் விலையாகப் போனதும் நிஜம். டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள், இங்கிலீஷ்காரர்கள் எல்லாரும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். அதில் அதிகம் ஸ்பானிஷ் டாலர். ஆனால் இங்கே யாரும் வெளிநாட்டு ராஜாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. உருக்கினார்கள். நாணயச்சாலைக்குப் போனது ரூபாயானது. ஆசாரி கைக்குப் போனது தண்டையாகவும் கொலுசாகவும் குழந்தை அரைஞாணாகவும் ஆனது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் எத்தனை கிழவிகளின் காலில் எத்தனை ஆயர்கள் சலங்கை கட்டிக் குலுங்கினார்கள் என்று கணக்கு எடுக்க வழி இல்லை. முழுசாகத் தப்பி உங்கள் கைக்கு வந்தது அதனால்தான் ஆச்சரியம். நூறு ஆயரில் ஒரு ஆயர் கூட உருகாமல் வந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். உங்கள் காசு எழுபது வருஷத்துக்கு முன் பர்மாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெட்டிக்குள் வந்தது என்றால் எனக்கு இன்னும் எளிதாக நம்பிக்கை வரும். ஆனால் அதை ஊரில் சொல்லாதீர்கள், சப்பென்று போய்விடும்.

ஊரில் சொல்ல வேண்டியது 1803. திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட பிறகு, கம்பெனி 1803-இல் இராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் நிலவரி கட்டுகிற ஜமீன்களாக்கியது. சேதுவைக் காப்பதால் சேதுபதி என்று பட்டம் பெற்று, செம்புக் காசில் தமிழில் தன் பெயரைப் போட்ட வம்சம், கிஸ்தி பாக்கி எவ்வளவு என்று கேட்கிற நிலைக்கு இறங்கியது. அதே 1803 பிப்ரவரி 25-ஆம் தேதி ஜெர்மனியில், பிரான்சிடம் நிலம் இழந்த ராஜாக்களுக்கு நஷ்ட ஈடு தருவதற்காக, ஏறக்குறைய எல்லா ஆயர் நாடுகளையும் கலைத்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கோல் மிஞ்சியது, வாள் போயிற்று. இரண்டு வீழ்ச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் டீக்கடையில் இந்த ஒரு வருஷத்தைச் சொன்னால் போதும், மூன்று நாள் பேச்சு ஓடும்.

வருஷம் 1796 என்று இருந்து ஐஷ்டெட் காசாக இருந்தால், ஒரு டம்ளர் கூடுதல் டீ வாங்கித் தரலாம். பிரெஞ்சுப் படை நெருங்கிய சமயம். பணம் இல்லை. அங்கே கடைசி இளவரச ஆயராக இருந்த ஸ்டூபன்பெர்க், அரண்மனை வெள்ளிப் பாத்திரங்களை உருக்கித் தாலர் அடித்தார். அடித்ததோடு விடாமல், அரண்மனைப் பாத்திரங்களால் தவித்த நாட்டுக்கு உதவினார் என்று காசிலேயே லத்தீனில் பொறித்தும் வைத்தார். முந்தின வருஷம் பாம்பெர்க் ஆயரும் நாட்டின் நன்மைக்காக என்று எழுதி ஒரு தாலர் அடித்திருக்கிறார். குழம்புக் கிண்ணமும் கைகழுவும் செம்பும் ஒரு நாட்டின் கடைசிக் காசாகும்போது அதில் யார் உபயம் என்று போடாமல் இருப்பார்களா? டியூப்லைட்டிலேயே உபயம் எழுதுகிற நமக்கு இதில் குறை சொல்ல வாயில்லை.

விற்பனைப் பேச்சுக்கு வருவோம். காசின் படத்தை வாட்ஸப்பில் போட்டால் அன்று சாயங்காலத்துக்குள் ஒருவர் கூப்பிடுவார். தொண்ணூறு லட்சம் தருகிறேன் என்பார், முன்பணமாக ரிசர்வ் வங்கிக் கட்டணம் பத்தாயிரம் அனுப்பச் சொல்லுவார். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு, நோட்டு வாங்கவும் விற்கவும் கட்டணமோ வரியோ கேட்டால் நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. இன்னொருவர் நேரில் வருவார், வெள்ளை வேட்டி, பெரிய கார். காசில் இரிடியம் இருக்கிறதா என்று அரிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுவார். அரிசி வீட்டு அரிசியாக இருந்தால் பொங்கிச் சாப்பிட்டுவிடுங்கள், காசைக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது இன்னும் வம்பு. நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.

கடைசியாகச் சட்டம். இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்தது மட்டும் புதையல் இல்லை. மண்ணோடு ஒட்டி நிற்கிற பொருளுக்குள் மறைந்திருந்தாலும் புதையல்தான். ஆகவே சுவருக்குள் இருந்த கலயம் புதையல். பரணில் கிடந்த டிரங்குப்பெட்டி உங்கள் பாட்டன் சொத்து. சுவரா பரணா என்று வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வது அவசியம். முக்கியமாகச் சின்னப்பிள்ளைகள்.

புதையல்தான் என்றால், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். 1878-இல் பத்து ரூபாய் என்பது ஒரு மனிதன் யோசிக்க வேண்டிய தொகை. இன்றைக்கு அது நரிக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கும் காணாது. தொகையை மட்டும் யாரும் மாற்றவில்லை. தெரிவிக்காவிட்டால் உங்கள் பங்கு போய்விடும், ஒரு வருஷம் வரை ஜெயிலும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் திருச்சுழி தாசில்தாருக்கு எழுதுவார், அது விருதுநகர் போகும். அங்கிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்காரர்கள் பார்க்க வரலாம். விஏஓ உங்களிடம், "ஏம்ப்பா, நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்பார். அன்று காலையில்தான் கிடைத்திருந்தாலும் கேட்பார்.

சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. இரண்டும் நீங்களே என்றால் முழுசும் உங்களுக்கு. அதற்குள் பங்காளிகள் வந்திருப்பார்கள், இடம் பட்டா பிரியாத பொதுச் சொத்து என்பார்கள். அவர்களை உட்காரவைத்து, சட்டத்தில் இன்னொரு பிரிவு இருப்பதைப் பதமாக எடுத்துச் சொல்லுங்கள். காசை அரசாங்கமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கலெக்டர் முடிவு செய்தால், அவர் தர வேண்டியது உலோக மதிப்பும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும். ஆசாரி சொன்ன கணக்கை இப்போது எடுங்கள். இரண்டு ரூபாய் மூன்றணா வெள்ளி, அதில் ஐந்தில் ஒன்று ஏழணா. ஆக இரண்டு ரூபாய் பத்தணா எடைக்கு உண்டான இன்றைய வெள்ளி விலை. பங்காளிகள் நாலு பேர் என்றால் ஆளுக்குப் பத்தரை அணா வெள்ளி. விருதுநகர் போய்வரப் பஸ் செலவு அவரவர் கைக்காசு.